யானை எப்படி நகரும்? மாற்றுச் சதுரங்கக் காய்களின் சின்னங்கள் பற்றி ஒரு விளக்கம்

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலக சம்பியன் ஆனார். இந்த இரண்டு செய்திகளும் கடல் தாண்டி இலங்கை மலையகத்துக்கும் வந்தன. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் போனில் செஸ் செயலியைத் திறக்கும் பிள்ளைகள், கொஞ்ச நாளில் 'வேரியண்ட்' என்ற பட்டியலையும் தொட்டுப் பார்க்கிறார்கள். அங்கே பலகையின் நடுவில் ஒரு வாத்து நிற்கிறது. இன்னொரு ஆட்டத்தில் பாதி குதிரை, பாதி மந்திரியாக ஒரு காய். மற்றொன்றில் ராணி தலைகீழாக நிற்கிறாள். சில போன்களில் காய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெட்டிதான் தெரிகிறது. "இது என்ன காய் சேர்?" என்று கேட்டால் செஸ் பொறுப்பாசிரியருக்கும் பதில் தெரிவதில்லை.

இந்தச் சின்னங்கள் எங்கிருந்து வந்தன, ஏன் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் கிடக்கின்றன, நாமே வரைய நினைத்தால் எதைக் கவனிக்க வேண்டும், சேர்த்து வைக்க நினைத்தால் எப்படி அடுக்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சதுரங்க விதிகளில் ஒன்றையோ பலவற்றையோ மாற்றி ஆடும் ஆட்டங்களை இங்கே மாற்றுச் சதுரங்கம் என்று அழைக்கிறேன். வழக்கமான ஆறு காய்களுக்கு ராஜா, ராணி, கோட்டை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்ற பெயர்களையே வைத்துக்கொள்வோம். எல்லா மாற்று ஆட்டத்துக்கும் புதுச் சின்னம் தேவைப்படாது. பொபி ஃபிஷர் 1996இல் அறிவித்த, இன்று செஸ்960 எனப்படும் ஆட்டத்தில் பின்வரிசைக் காய்கள் தொடங்கும் இடம் மட்டும்தான் மாறுகிறது. டிம் போல்டன் 2016இல் உருவாக்கிய வாத்துச் சதுரங்கத்துக்கு ஒரே ஒரு புதுப் படம் போதும். வாத்து இரு தரப்புக்கும் பொது, அது நிற்கும் கட்டத்துக்குள் யாரும் போக முடியாது. புதிய நகர்வுள்ள காய் ஒன்று பலகைக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பெயர் ஒன்று, நகர்வு ஆறு

தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையிலிருந்துதான் சதுரங்கம் என்ற பெயரே வந்தது. அந்த நான்கில் குதிரை பெரும்பாலான நாடுகளில் ஏறக்குறைய அதே தாவலோடு பிழைத்திருக்கிறது. யானையின் கதை வேறு.

1. பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் ஆடப்பட்ட சத்ரஞ்சில் யானை மூலைவாட்டில் சரியாக இரண்டாவது கட்டத்துக்குத் தாவும். நடுவில் காய் நின்றாலும் தடையில்லை. ஆனால் 64 கட்டங்களில் ஒரு யானையால் 8 கட்டங்களை மட்டுமே எட்ட முடியும்.

2. 11ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, அங்கே தான் அறிந்த யானை முன்னோக்கி ஒரு கட்டம், அல்லது நான்கு மூலைத் திசைகளில் ஒரு கட்டம் போகும் என்கிறார். மொத்தம் ஐந்து இடங்கள்: ஒரு தும்பிக்கை, நான்கு கால்கள். பர்மியச் சதுரங்கத்து யானை இன்றைக்கும் இப்படித்தான் நகர்கிறது.

3. சீனர்களின் சியாங்சியில் யானை மூலைவாட்டில் இரண்டு இடம் போகும், ஆனால் நடுவில் காய் இருந்தால் நின்றுவிடும். பலகையின் குறுக்கே ஓடும் ஆற்றையும் தாண்டாது. அதற்கு எட்டுவது 7 இடங்கள்தான்.

4. ரஷ்ய மொழியில் மந்திரிக் காய்க்குப் பெயரே யானை.

5. தமிழிலும் ஹிந்தியிலும் மூலையில் நிற்கும் கோட்டையை யானை என்று சொல்வது பழைய வழக்கம்.

6. யாசர் செய்ரவானும் புரூஸ் ஹார்ப்பரும் 2007இல் வெளியிட்ட ஆட்டத்தில் யானை என்பது கோட்டையும் குதிரையும் சேர்ந்த காய்.

ஆக, ஒரு பலகைப் படத்தில் யானைத் தலை ஒன்றைப் பார்த்ததும் அது எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மந்திரி என்ற பெயரிலும் இதே குழப்பம் உண்டு. சத்ரஞ்சில் ராஜாவின் பக்கத்தில் நின்று மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டும் போகும் ஃபெர்ஸ் ஓர் ஆலோசகர். பெரிய பலகை ஆட்டங்களில் நேர்வாட்டில் ஒரு கட்டம் போகும் வசீரும் அமைச்சர்தான். நமது மந்திரியோ மூலைவாட்டில் எவ்வளவு தூரமும் ஓடுவார். மூன்றையும் தமிழில் 'மந்திரி' என்று எழுதிவிட்டால் வாசிப்பவர் பாடு கஷ்டம்.

தலைகீழாகவும் நடக்கிறது: நகர்வு ஒன்று, பெயர்கள் பல. மந்திரி போலவும் குதிரை போலவும் போகக்கூடிய காயை இத்தாலியரான பியெத்ரோ கரேரா 1617இல் சென்டோர் என்றார், அதாவது பாதி மனிதன் பாதிக் குதிரை. 1920களில் கியூபாவைச் சேர்ந்த உலக சம்பியன் கபபிளாங்கா முன்வைத்த 80 கட்ட ஆட்டத்தில் அது ஆர்ச்பிஷப் எனப்படுகிறது. கிறிஸ்டியன் ஃப்ரீலிங்கின் 1984ஆம் ஆண்டு கிராண்ட் செஸ்ஸில் அதுவே கார்டினல். செய்ரவான் ஆட்டத்தில் பருந்து. செஸ் புதிர் அமைப்பவர்களிடம் இளவரசி. பெயரைப் பார்த்துப் படம் வரைந்தால் ஒரே காய்க்கு ஒரு சென்டோர், இரண்டு பாதிரிமார், ஒரு பறவை, ஒரு பெண்பிள்ளை என்று ஐந்து படங்கள் வந்து சேரும். ஐந்தும் ஒரே மாதிரித்தான் நகரும்.

என் நிலைப்பாடு இதிலிருந்துதான் பிறக்கிறது. காயின் சின்னத்தை ஓர் எழுத்தாகக் கருத வேண்டும். 'க' என்ற வடிவத்தைக் கண்டதும் ஒலி நினைவுக்கு வருவது போல, சின்னத்தைக் கண்டதும் நகர்வு நினைவுக்கு வர வேண்டும். பெயரும் அழகும் அதற்குப் பிறகு.

அச்சுக்கூடத்தில் தலைகீழான ராணி

தலைகீழ் ராணிக்கு ஒரு நல்ல காரணம் உண்டு. தோமஸ் டோசன் (1889–1951) என்ற ஆங்கிலேயர் புதுவகைக் காய்களைக் கொண்டு ஏராளமான செஸ் புதிர்களை அமைத்தவர். இந்தத் துறைக்கு ஃபெயரி செஸ் என்று பெயர். அவர் 1913இல் உருவாக்கிய காய் வெட்டுக்கிளி. ராணி போகும் எட்டுத் திசைகளில் ஏதாவது ஒன்றில் போய், வழியில் எதிர்ப்படும் முதல் காயைத் தாண்டி, அதற்கு அடுத்த கட்டத்தில் இறங்கும். தாண்டக் காய் இல்லாவிட்டால் அசையவே முடியாது. 1925இல் அவர் கொண்டுவந்த நைட்ரைடர், குதிரைத் தாவலை ஒரே திசையில் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே போகும்.

அன்றைய அச்சு ஈய எழுத்தில் நடந்தது. அச்சுக்கூடத்துப் பெட்டியில் ஆறு காய்களின் அச்சுகள் மட்டுமே இருந்தன. புதிதாக வார்க்கப் பணம் வேண்டும். அதனால் இருக்கும் ராணி அச்சைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்கள், அது வெட்டுக்கிளி ஆயிற்று. குதிரையைத் திருப்பினால் நைட்ரைடர். செலவில்லாத வழி என்பதோடு, உறவும் காப்பாற்றப்பட்டது: வெட்டுக்கிளி ராணியின் பாதையில் போகிறது, நைட்ரைடர் குதிரையின் தாவலில் போகிறது. சின்னத்தைப் பார்த்தாலே பாதி விதி தெரிந்துவிடும். ஓவியர் ஒருவர் வெட்டுக்கிளியை அழகாக வரைந்திருந்தால் இந்த உதவி கிடைத்திருக்காது.

இந்த வழிக்கு எல்லை உண்டு. காகிதத்தில் செல்லுபடியாகும் தலைகீழ், எதிரெதிராக இருவர் உட்காரும் மேசையில் செல்லாது. ஒருவருக்கு நேரானது மற்றவருக்குத் தலைகீழ். ஷோகி எனப்படும் ஜப்பானியச் சதுரங்கத்தில் இரு தரப்புக் காய்களும் ஒரே நிறம். காயின் கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதை வைத்துத்தான் அது யாருடையது என்று அறிகிறோம். அங்கே திருப்பி வைத்தால் காய் கட்சி மாறிவிடும். (பாடசாலைப் போட்டிகளில் ஆடுவோர் கவனிக்க: சிப்பாய் கடைசி வரிசையை அடைந்ததும் ராணி கிடைக்காமல் கோட்டையைக் கவிழ்த்து வைக்கிறார்களே, சர்வதேச விதிப்படி அது கோட்டைதான், ராணி ஆகாது.)

போனில் பெட்டி ஏன் தெரிகிறது?

இலங்கையில் தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பாமினி எழுத்துருவில் தட்டிய வினாத்தாளை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என்ன தெரியும்? பொருளற்ற ஆங்கில எழுத்துகள். ஏனென்றால் பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. செஸ் எழுத்துருக்களும் அப்படியே பிறந்தன. மெரிடா, ஆல்ஃபா போன்ற எழுத்துருக்களில் ராஜாவும் ராணியும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருப்பார்கள். எழுத்துரு தொலைந்தால் பலகையும் தொலைந்தது. எரிக் பென்ட்சன் உருவாக்கிய ஆல்ஃபாவின் காய்களை அடிப்படையாக வைத்து, புதுக் காய்களையும் சேர்த்து டேவிட் ஹோவ் தொகுத்ததுதான் மாற்றுச் சதுரங்க உலகில் நன்கு அறியப்பட்ட ஆல்ஃபெரி தொகுதி.

உலகின் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோட் வந்ததும் நிலைமை பாதி சீரானது. வெள்ளை ஆறு, கறுப்பு ஆறு என 12 செஸ் குறிகள் அதில் ஆரம்ப காலத்திலேயே இடம்பிடித்தன. சியாங்சிக் காய்களுக்கான 14 குறிகள் 2018இலும், ஃபெயரி செஸ்ஸுக்கான 84 குறிகள் 2019இலும் சேர்ந்தன. அந்த 84ஐப் பார்த்தால் பழைய அச்சுக்கூடம் அப்படியே கண்முன் வருகிறது: பக்கவாட்டில் திருப்பிய ராஜா, கவிழ்த்த ராணி, பாதி வெள்ளை பாதி கறுப்பான நடுநிலைக் காய்கள், குதிரையோடு ராணி, கோட்டை, மந்திரி சேர்ந்த கூட்டுக் காய்கள்.

அப்படியிருந்தும் மூன்று கோளாறுகள் தொடர்கின்றன.

1. வெறும் பெட்டி: குறிக்கு யூனிகோடில் எண் ஒதுக்கியாயிற்று, ஆனால் அந்தப் போனின் எழுத்துருவில் அதற்கு உருவம் இல்லை. பழைய போன்களில் 2019ஆம் ஆண்டுக் குறிகள் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். போன் பழுதில்லை.

2. ஒரு சிப்பாய் மட்டும் தனித்து நிற்பது: 12 குறிகளில் கறுப்புச் சிப்பாய்க்கு மட்டும் 2018இல் இமோஜித் தகுதி கொடுத்தார்கள். அதனால் பல போன்களில் மற்ற காய்கள் எழுத்தாகவும் அது மட்டும் வண்ணப் படமாகவும் வருகிறது. 'எழுத்தாகவே காட்டு' என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று உண்டு. அதைப் பின்னால் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

3. நிறம் மாறித் தெரிவது: யூனிகோட் வெள்ளைக் காய் என்பது உள்ளே காலியான கோட்டுருவம், கறுப்புக் காய் என்பது நிரப்பிய உருவம். போனின் திரையை இருட்டு நிறத்துக்கு மாற்றினால் எழுத்தெல்லாம் வெண்மையாகும், நிரப்பிய கறுப்பு ராஜாவும் வெண்மையாகிவிடுவார். புதிரைத் தீர்க்க உட்காருகிறவர் எந்தப் பக்கம் ஆடுகிறோம் என்றே தெரியாமல் முழிப்பார்.

இந்த மூன்றையும் ஒரேயடியாகத் தவிர்க்கத்தான் செயலிகள் எழுத்தை விட்டுப் படத்துக்குப் போகின்றன. படம் இரண்டு வகை. புள்ளிகளால் ஆனதைப் பெரிதாக்கினால் விளிம்பு படிக்கட்டாகும். கோடுகளின் கணக்கை மட்டும் வைத்திருக்கும் எஸ்விஜி வகை எந்த அளவிலும் கூர்மையாக நிற்கும், கோப்பும் பெரும்பாலும் சிறியது. சிக்னல் மெலிந்த தோட்டத்துப் பக்கத்தில் இருப்பவருக்கு இந்த இரண்டாவது லாபம் சின்னதில்லை.

வரையத் தொடங்கும்போது

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒவ்வொரு செஸ் தொகுதியும் ஒவ்வொரு மாதிரி. பழகாத தொகுதியில் ஆடினால் ராணி எது, மந்திரி எது என்று தடுமாற வேண்டியிருந்தது. 1849இல் நெதானியல் குக் பதிவுசெய்து, லண்டனின் ஜாக் நிறுவனம் தயாரித்து, ஹோவர்ட் ஸ்டோன்டன் என்ற ஆட்டக்காரரின் பெயரோடு வந்த வடிவம்தான் இன்று போட்டிகளில் நாம் பார்ப்பது. அதன் வெற்றிக்குக் காரணம் எளிது. உடம்பும் அடிப்பகுதியும் ஒன்றுபோல, தலை மட்டும் வேறு: சிலுவை, கிரீடம், வெட்டுள்ள தொப்பி, கோட்டை மதில், குதிரை முகம், உருண்டை. மாமல்லபுரம் ஒலிம்பியாட்டின் அடையாளச் சின்னமான 'தம்பி' வேட்டி சட்டை போட்டிருந்தும் குதிரைக் காய்தான் என்று எல்லோருக்கும் புரிந்ததே, அதற்கும் இந்தத் தலைதான் காரணம்.

மாற்றுச் சதுரங்கத்துக்கு வரையும்போது இதையே நீட்டிக்க வேண்டும். என் அனுபவத்தில் உதவும் வரிசை இது:

1. முதலில் நகர்வை எழுதுங்கள். தாவும் காய்களை, ஒரு பக்கம் எத்தனை கட்டம், அதற்குக் குறுக்கே எத்தனை கட்டம் என்று இரண்டு எண்களால் சொல்லிவிடலாம். குதிரை 1-2, ஒட்டகம் 1-3, ஒட்டகச்சிவிங்கி 1-4, வரிக்குதிரை 2-3. ஃபெர்ஸ் 1-1, வசீர் 0-1, சத்ரஞ்ச் யானை 2-2. எண்ணே சில உண்மைகளைக் காட்டிக்கொடுக்கும்: ஒட்டகத்தின் 1ஐயும் 3ஐயும் கூட்டினால் இரட்டை எண், அதனால் அது பிறந்த நிறக் கட்டத்தை விட்டு வாழ்நாளில் வெளியேறாது.

2. அதே நகர்வுக்கு ஏற்கெனவே சின்னம் உள்ளதா என்று தேடுங்கள். இருந்தால், அதன் ஒரு சாயலாவது உங்கள் படத்தில் இருக்கட்டும்.

3. கூட்டுக் காய் என்றால் இரண்டு பெற்றோரும் தெரிய வேண்டும். குதிரை முகத்துக்கு மந்திரித் தொப்பி வைத்தால் விளக்கமே தேவையில்லை.

4. நிழலுருவைச் சோதியுங்கள். முழுவதும் கறுப்பாக நிரப்பி, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினாலும் என்ன காய் என்று தெரிய வேண்டும்.

5. நிறத்தை நம்பாதீர்கள். போட்டோ கொப்பியில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான்.

நான்காவதில்தான் மலையகத்துப் பிள்ளைகள் வரையும் அழகான காய்கள் பெரும்பாலும் தோற்கின்றன. யானை வரையச் சொன்னால் கண்டி பெரஹெராவின் அலங்கார யானைதான் மனதில் வரும்: முகபடாம், உடம்பு முழுக்கச் சரிகைத் துணி, விளக்குகள். பெரிய தாளில் அற்புதமாக இருக்கும். நகம் அளவுக்குச் சுருக்கினால் காதும் காலும் துணிக்குள் மறைந்து, மூட்டை போல ஆகிவிடும். துணியைக் கழற்றி, தும்பிக்கையை உடம்பிலிருந்து விலக்கி வளைத்து, தந்தத்தை வெளியே நீட்டினால் யானை திரும்ப வந்துவிடும்.

சிறுத்தை அதைவிடக் கடினம். தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் நமக்குப் புதிதல்ல, அதனால் பிள்ளைகள் ஆசையோடு அதைத் தேர்கிறார்கள். சிறுத்தையைச் சிறுத்தையாக்குவது புள்ளிகள். சின்ன அளவில் முதலில் காணாமல் போவதும் புள்ளிகள்தான். மிஞ்சுவது பூனை. வரிக்குதிரைச் சின்னத்திலும் இதே தொல்லை: வரிகள் குழம்பிப்போனால் சாதாரணக் குதிரையாகிவிடும், எதிராளி 1-2 தாவலை எதிர்பார்த்திருக்கும்போது காய் 2-3 தாவும்.

மரை அப்படியல்ல. ஹோர்ட்டன் சமவெளியில் பார்த்திருப்பீர்கள். ஆண் மரையின் கிளைக்கொம்பு எந்த அளவிலும் எந்த நிறத்திலும் தெரியும். அடையாளம் தோலில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. குதிரை முகத்தின் மேல் அந்தக் கொம்பை வைத்தால், 'குதிரை போலத் தாவும், அதற்கு மேலும் ஏதோ செய்யும்' என்று பார்ப்பவர் ஊகித்துவிடுவார். குதிரையின் 1-2ஐயும் ஒட்டகத்தின் 1-3ஐயும் சேர்த்த காய்க்கு இது நன்றாகப் பொருந்தும். இந்த நகர்வு ஏற்கெனவே உள்ளதுதான். வெய்ன் ஷ்மிட்பர்கரின் 1987ஆம் ஆண்டு ஆட்டத்தில் அதன் பெயர் வில்டபீஸ்ட், புதிர்க்காரர்களிடம் நூ. ஆப்பிரிக்காவின் கொம்புள்ள விலங்கு அது. நம் பலகையில் அதை மரை என்று சொல்வதில் எந்தக் குற்றமும் இல்லை, நகர்வு மாறாதவரை.

சிப்பாய் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணைச் சிப்பாயாக வரையும் யோசனை அடிக்கடி வருகிறது. சிப்பாய்தான் பலகையில் அதிகம் உள்ள காய், அதனால் எல்லாவற்றிலும் எளிமையாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். பதினாறு கூடைகள் நின்றால் மற்ற காய்களைத் தேட வேண்டிவரும். இது தொழில் காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: முதலில் பலிகொடுக்கப்படும் காயில் நம் அம்மாமார் முகத்தை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மலையகத்தைப் பலகையில் காண விரும்பினால் அந்தப் பெண்ணை ராணியாக வரையலாமே.

படத்தால் முடியாததைப் புள்ளியால் செய்யலாம். ஜப்பானில் 2008இல் வெளிவந்த டோபுட்சு ஷோகி சிறுவர்களுக்கானது. விதிகள் மடோகா கிதாவோ, படங்கள் மைகோ ஃபுஜிதா. பலகையில் 12 கட்டங்கள்தான். ஒவ்வொரு காயிலும் விலங்குப் படத்தைச் சுற்றி, அது போகக்கூடிய திசைகளில் புள்ளி வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு யானை உண்டு, ஏழாவது விதமாக: மூலைவாட்டில் ஒரே கட்டம். ஆனால் அங்கே யாரும் குழம்புவதில்லை, நான்கு மூலைகளிலும் புள்ளி இருக்கிறதே. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளையும் ஆடலாம். சோடா மூடியில் ஒட்டிக் காய் செய்யும் பாடசாலைகளுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது. தாவும் காய்க்குப் புள்ளி, ஓடும் காய்க்குக் கோடு. போதும்.

சேர்த்து வைப்பது எப்படி?

சின்னங்களைத் தரவிறக்கி ஒரே கோப்புறையில் கொட்டி வைப்பதைச் சேகரிப்பு என்று சொல்ல முடியாது. 'யானை1', 'யானை2', 'யானைபுதுசு' என்று பெயரிட்ட கோப்புகள் ஆறு மாதத்தில் வைத்தவருக்கே விளங்காது. நகர்வை வைத்து அடுக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல முறை தயாராகவே இருக்கிறது.

ரால்ஃப் பெட்சா என்ற அமெரிக்கர், அடிப்படை நகர்வு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்தார். வசீருக்கு டபிள்யூ, ஃபெர்ஸுக்கு எஃப், சத்ரஞ்ச் யானைக்கு ஏ, குதிரைக்கு என், கோட்டைக்கு ஆர், மந்திரிக்கு பி. எழுத்துகளைச் சேர்த்தால் நகர்வுகளும் சேரும். டபிள்யூவும் எஃப்பும் சேர்ந்தால் ராஜாவின் நகர்வு வந்துவிடுகிறது. ஐந்து பெயர்கொண்ட அந்தக் காயோ வெறும் பிஎன். இப்போது யானைகளை அடுக்கிப் பாருங்கள்: சத்ரஞ்ச் யானை ஏ தட்டுக்கு, தமிழ் யானை ஆர் தட்டுக்கு, ரஷ்ய யானை பி தட்டுக்கு, செய்ரவானின் யானை ஆர்என் தட்டுக்கு, டோபுட்சு யானை எஃப் தட்டுக்கு. குழப்பம் தானாகக் கலைகிறது.

கோப்பின் பெயரில் நிறமும் நகர்வுக் குறியும் இருந்தால் போதும். மற்றதெல்லாம் ஒரு பட்டியலில்: காய்க்கு வழங்கும் பெயர்கள், எந்த ஆட்டத்தில் வருகிறது, தமிழில் என்ன சொல்கிறோம், யார் வரைந்தது, எங்கே எடுத்தது, எந்த நாளில், எந்த உரிமத்தில். கடைசி நான்கையும் எடுத்த அன்றே எழுதிவிட வேண்டும். பிறகு தேடினால் கிடைக்காது.

படம் யாருடையது?

ஆட்ட விதியும் காயின் நகர்வும் எண்ணங்கள். எண்ணத்துக்குப் பதிப்புரிமை இல்லை. மரை 1-2, 1-3 தாவும் என்று நீங்கள் சொன்னால் வேறு யாரும் அதையே ஆடலாம். படம் அப்படியல்ல. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, வரைந்த உடனே உரிமை பிறந்துவிடுகிறது, எங்கும் பதியத் தேவையில்லை. வரைந்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். 1849இன் ஸ்டோன்டன் வடிவம் இன்று எல்லோருக்கும் பொது. அதைப் பார்த்துச் சென்ற வருடம் ஒருவர் வரைந்த படம் அவருடையது. இணையத்தில் கிடைக்கிறது என்பது அனுமதி ஆகாது.

அனுமதியை முன்கூட்டியே எழுதிவைக்கும் வழிதான் கிரியேட்டிவ் கொமன்ஸ் போன்ற திறந்த உரிமங்கள். சின்னம் சேர்ப்பவர் பார்க்க வேண்டியவை இவை:

1. சிசி ஜீரோ: எந்த நிபந்தனையும் இல்லை.

2. பெயர் குறிப்பிடல்: வரைந்தவர் பெயரைச் சொன்னால் போதும்.

3. அதே உரிமம்: நீங்கள் மாற்றி வெளியிடுவதையும் அதே நிபந்தனையில் விட வேண்டும்.

4. வணிகமற்றது: பயிற்சிக் கொப்பியில் அச்சிட்டு விற்க நினைத்தால் தடை. பாடசாலைக்காக என்றாலும், விற்பனை என்று வந்துவிட்டால் கேட்டுக்கொள்வது நல்லது.

5. மாற்றத் தடை: மாற்றுச் சதுரங்கத்துக்கு இது கிட்டத்தட்ட பயனற்றது. கொம்பு சேர்த்து வெளியிட முடியாத குதிரையை வைத்து என்ன செய்வது?

கூட்டுக் காய்களில் இது இன்னும் நுட்பமாகிறது. ஒருவரின் குதிரையையும் இன்னொருவரின் தொப்பியையும் சேர்த்தால், இருவரின் நிபந்தனைகளையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற வேண்டும். ஒன்று 'அதே உரிமம்', மற்றது 'வணிகமற்றது' என்றிருந்தால் இரண்டும் சேராது. எனவே ஒரு தொகுதியை எடுத்தால், இயன்றவரை அதற்குள்ளேயே நின்று புதுக் காய்களை உண்டாக்குவது புத்திசாலித்தனம். கோட்டின் தடிப்பும் அப்போதுதான் ஒத்துவரும்.

கொலின் பர்னெட் விக்கிப்பீடியாவுக்காக வரைந்த காய்கள் இதற்கு வசதியானவை. லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் ஆடுகிறவர்கள் தினமும் பார்ப்பவை அவைதான். 45க்கு 45 அளவிலான எஸ்விஜி கோப்புகள், பல திறந்த உரிமங்களின் கீழ் கிடைக்கின்றன, 'பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர்' என்பதும் அவற்றில் ஒன்று. அவருடைய குதிரைமேல் நம் மாணவி ஒருத்தி மரைக் கொம்பை வரைந்தால், பட்டியலில் எழுத வேண்டியது இப்படி: நகர்வு 1-2, 1-3, வேறு பெயர்கள் வில்டபீஸ்ட், நூ, தமிழ்ப் பெயர் மரை, குதிரை கொலின் பர்னெட், கொம்பு அந்த மாணவியின் பெயர், உரிமம் அதே உரிமம். உரிமமோ வரைந்தவரோ தெரியாத படங்களைத் தனிக் கோப்புறையில் போட்டுப் பார்த்துப் பழகலாம். அச்சுக்கும் செயலிக்கும் அனுப்பும் தொகுதியில் அவற்றைச் சேர்க்க வேண்டாம்.